கத்தியைச் சுற்றி வளர்ந்த உறை

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், என் மனைவிக்குத் திடீரென்று வயிற்றுவலி கண்டு, குடல்வால் எந்நேரமும் வெடிக்கலாம் என்று சொல்லி நள்ளிரவிலேயே அறுவைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். காத்திருப்புக் கூடத்தில் குளிர்பான இயந்திரத்தை ஒட்டி ஒரு சிறிய புத்தக அடுக்கு இருந்தது. அதிலிருந்து ஓரம் நைந்த ‘பிளாக் ஜாக்’ என்ற மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், தொகுதி ஒன்றை, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் எடுத்தேன். சிறுவர் வார இதழில் வந்த தொடர் என்பதால் காஞ்சி எனப்படும் சீனவழி எழுத்துகளின் அருகிலேயே பொடி எழுத்தில் உச்சரிப்பு அச்சிடப்பட்டிருந்தது. என் அரைகுறை ஜப்பானியத்துக்கு அது போதும்.

உரிமம் இல்லாத அறுவை மருத்துவர், கேட்கும் கட்டணமோ கோடிக்கணக்கான யென். அவர் தொட்டால் பிழைக்காதவர் இல்லை என்றுதான் அந்த மங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அன்று கண்ணில் பட்டது, தலைப்பில் முத்தைக் குறிப்பிடும் கதை. சிறுவயதில் குண்டுவெடிப்பில் சிதைந்த பிளாக் ஜாக்கின் உடலை ஒட்டவைத்த ஹொன்மா என்ற மூத்த மருத்துவர், அந்த அறுவையின்போது ஒரு கத்தியை உள்ளேயே மறந்துவிடுகிறார். சொல்லத் துணிவின்றி ஏழு ஆண்டுகள் கழித்து மீண்டும் திறந்து பார்த்தால், உடல் அந்தக் கத்தியைச் சுற்றிச் சுண்ணாம்பு உறை ஒன்றை வளர்த்து உள்ளுறுப்புகளைக் காத்து வைத்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுக் கிழவர் சாய்கிறார். பிளாக் ஜாக் குறையின்றி அறுவை செய்தும் அவர் பிழைப்பதில்லை. மனைவி உள்ளே இருக்கும்போது படிக்க வேண்டிய கதையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை.

இதை வரைந்த ஒசாமு தெசுகா ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர் என்பதும், 1961இல் நன்னீர் நத்தையின் விந்தணுவை ஆராய்ந்து நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதும் பின்னர்தான் தெரிந்தது. மருத்துவத் தொழிலுக்குப் போகாமல் படம் வரைவதையே தேர்ந்தவர், 1973இல் இந்தத் தொடரைத் தொடங்கினார். அறுவை மருத்துவர் தோற்கும் கதைகளே அதில் உயர்ந்தவை என்பது என் எண்ணம்.

விடியற்காலை நான்கு மணியளவில், தொப்பி அழுத்திய தடம் நெற்றியில் மாறாத ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்தார். என் மொழித் திணறலைப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் பெருங்குடலை வரைந்து, அதன் வாலில் ஒரு கோடு போட்டு, “இதை எடுத்துவிட்டோம்” என்றார். அவர் வரைந்த குடல் பாதிக் கடித்த முறுக்கைப் போல இருந்தது.

அந்த வாரம் அவரை நினைத்துக்கொண்டேதான் ஷூஹோ சாத்தோ வரைந்த ‘பிளாக் ஜாக்குக்கு வணக்கம்’ தொடரைக் கைபேசியில் படித்தேன். 2002இல் தொடங்கிய இதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 2012இல் அவரே அனுமதி தந்துவிட்டார். மாதம் 38,000 யென் வாங்கும் பயிற்சி மருத்துவன் சாய்த்தோ, பிழைப்புக்காக வேறொரு மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் போய், விபத்தில் அடிபட்டு வந்தவரின் முன்னால் செய்வதறியாமல் நிற்கிறான். 2004இல் ஜப்பானில் புதிய மருத்துவர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டு, பயிற்சிக் காலத்தில் இப்படி வெளியே வேலை பார்ப்பதும் தடைசெய்யப்பட்டது. பிளாக் ஜாக்கின் கை நடுங்குவது அரிது. சாய்த்தோவின் கையையோ பக்கத்துக்குப் பக்கம் கவலையோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

தையல் பிரிக்கப் போன அன்று, காத்திருந்த நேரத்தில் அடுத்த தொகுதியைத் தேடினேன், அடுக்கில் இல்லை. அந்த இளம் மருத்துவரிடமே கேட்டேன். சற்று வெட்கத்துடன், “அது இரவுப்பணி அறையில் இருக்கிறது, நான்தான் எடுத்துப் போனேன், இன்னும் பாதிகூட முடிக்கவில்லை” என்றார்.