38 டார்பிடோ கணக்கு எங்கே போச்சு?

நடுநிசி_டிவி:
எட்டாவது படிக்கும் மகளோடு 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' (1995–2001) விண்வெளித் தொடரை முதலிலிருந்து பார்த்து, இப்போது முடியும் தறுவாயில் இருக்கிறோம். பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்ட தனிக் கப்பல். முதல் சீசனில் ஒரு வசனம் வருகிறது: கையிருப்பு 38 ஃபோட்டான் டார்பிடோ (எதிரிக் கப்பல்மேல் ஏவும் குண்டு), தீர்ந்தால் மாற்று கிடையாது. மகள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 38 என்று எழுதி, சுடும்போதெல்லாம் ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தாள். அது பூஜ்யத்தைத் தாண்டி எவ்வளவோ நாளாச்சு. கப்பல் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

அதைக்கூட சிரித்துவிட்டு விட்டாள். 'இயர் ஆஃப் ஹெல்' (1997) எபிசோட் பார்த்த அன்றுதான் கோபம். அதிகாரி டூவாக்குக்குக் கண் போகிறது, கப்பல் பாதி சிதைகிறது. துணைத் தளபதி சகோட்டே ஆசையாகக் கொடுத்த பிறந்தநாள் கடிகாரத்தை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காவது ஆகும், மறுசுழற்சிக்குப் போடு என்கிறார் கேப்டன் ஜேன்வே. கடைசியில் காலத்தையே மாற்றும் எதிரியின் கப்பல்மேல் வாயேஜரை மோதவிட, எல்லாம் அழிந்து முதல் நாளுக்கே திரும்பிவிடுகிறது. யாருக்கும் எதுவும் நினைவில்லை. "அப்போ நாம ஏன் பார்த்தோம்?" என்றாள். என்ன சொல்வது?

பழைய_கேசட்:
வியாபாரம் என்று சொல்லுங்கள். அந்தக் காலத்தில் மறு ஒளிபரப்பில்தான் காசு. எந்த எபிசோடை எந்த வரிசையில் போட்டாலும் புரிய வேண்டும். அதனால் 45 நிமிடத்துக்குள் சட்டை கசங்காமல் அனைவரும் பழைய இடத்துக்கு வந்தாக வேண்டும்.

அரைக்கால்_சட்டை:
அரை உண்மை. அதே வருடங்களில், உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்ட இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடர் 'டீப் ஸ்பேஸ் நைன்' போர்க் கதையை சீசன் கணக்கில் இழுத்தது. வாயேஜருக்கோ யூபிஎன் என்று சொந்தச் சேனலே இருந்தது. டீப் ஸ்பேஸில் நாக் என்ற பையனுக்குப் போரில் கால் போகும். செயற்கைக் கால் பொருத்திய பிறகு டாக்டர்கள் கால் சரியாக இருக்கிறது என்பார்கள், அவனோ கைத்தடியை விடமாட்டான். ஒரு முழு எபிசோடும் (1998) அதற்குத்தான். அந்தத் தொடரில் எழுதிய ரொனால்ட் மூர் 1999இல் வாயேஜருக்குப் போய்க் கொஞ்ச நாளிலேயே விலகினார். அப்புறம் அவர் செய்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில், அழிந்த மனித இனத்தில் பிழைத்தவர் எண்ணிக்கை பலகையில் எழுதியிருக்கும். '33' எபிசோட் முடிவில் ஒரு குழந்தை பிறக்கும், ஜனாதிபதி எழுந்து போய் 47,972ஐ அழித்து 47,973 என்று மாற்றுவார். உங்கள் மகளுக்கு அதைக் காட்டுங்கள், நோட்டுக்கு வேலை இருக்கும்.

மொட்டைமாடி:
எனக்கு இப்படி எல்லாம் பழையபடி ஆகிவிடும் ரீசெட்தான் பிடிக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்தவனுக்கு ஏழு சீசன் பாரம் எதற்கு? விக்கிரமாதித்தன் கதையிலும் ஒவ்வொரு தடவையும் வேதாளம் முருங்கை மரம் ஏறத்தானே செய்கிறது?

நடுநிசி_டிவி:
@மொட்டைமாடி வேதாளம் ஏறட்டும், சுமந்த தோள் வலி ராஜாவுக்கு நினைவிருக்கும். பாரமாக எதுவும் கேட்கவில்லை. இதற்கு முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்'இல் கேப்டன் பிகார்ட், 'தி இன்னர் லைட்' எபிசோடில் (1992) இன்னொருவன் வாழ்க்கையை 25 நிமிடத்தில் வாழ்ந்து முடிக்கிறார். மறுவாரம் கப்பல் பழையபடிதான். ஆனால் அந்த வாழ்க்கையில் வாசித்த புல்லாங்குழல் அவரிடமே இருக்கிறது, அடுத்த சீசனில் எடுத்து வாசிக்கவும் செய்கிறார். ரீசெட்டுக்கு நடுவிலேயே ஒரு சாமான் மிச்சம். அந்தக் கடிகாரத்தை மேஜை மூலையில் விட்டிருந்தால்கூட மகள் சமாதானமாகியிருப்பாள்.

@அரைக்கால்_சட்டை நேற்று '33' காட்டினேன். நோட்டில் புதுப் பக்கம் திருப்பியாச்சு.