பெரியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கிறிஸ்தவ நூல்கள்: எவ்வாறு தெரிவு செய்வது?

கேள்வி: வாசகி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வீட்டில் நான்கு வயது மகளும் ஒன்பது வயது மகனும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படித்துக்காட்ட வேதாகமக் கதைப் புத்தகங்களைத் தேடினேன். படங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் "ஆகவே நாமும் கீழ்ப்படிதலுள்ள பிள்ளைகளாக இருப்போம்" என்று முடிகிறது. தாவீதின் கதைக்கும் தானியேலின் கதைக்கும் முடிவு ஒன்றுதான் என்றால் இரண்டு கதைகள் எதற்கு என்று மகன் கேட்கிறான்.

என் நிலையும் ஏறத்தாழ அதுவே. நாளுக்கு ஒரு பக்கமாக அமைந்த தின தியான நூல்களைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அவற்றால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். எனினும் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு எழும் மறுப்புகளையும் எதிர்கொண்டு, இறுதிவரை கொண்டுசெல்லும் நூலை வாசிக்க விரும்புகிறேன். மூவருக்கும் எவற்றைப் பரிந்துரைப்பீர்கள்? மகனும் நானும் சேர்ந்து வாசிக்கத்தக்க நூல் ஏதேனும் இருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஞாயிறு பள்ளி ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். சிறியவளுக்கான நூலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு கதைத் தொகுப்பை வாங்குமுன் அதில் யோனாவின் கதை எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மீன் அவரைக் கரையில் கக்கியவுடன், அல்லது நினிவே மக்கள் மனந்திரும்பியவுடன், கதை முடிந்துவிடும். வேதாகமத்திலோ அதற்குப் பின்னும் ஓர் அதிகாரம் இருக்கிறது. நகரம் தப்பிவிட்டதே என்று தீர்க்கதரிசி கோபித்துக்கொள்கிறார். நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்துபோனதும் இன்னும் அதிகமாகக் கோபித்துக்கொள்கிறார். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரும் அநேக மிருகங்களும் உள்ள நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று ஆண்டவர் கேட்கும் கேள்வியோடு நூல் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்பது எழுதப்படவே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரை நான்கு வயதுக் குழந்தைக்கு மிக நன்றாகவே புரியும். அந்த அதிகாரத்தை வெட்டாத ஆசிரியர் பிற கதைகளின் முடிவிலும் தம் அறிவுரையை ஒட்டவைக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. ஆதியாகமம் விலக்கப்பட்ட கனியை ஆப்பிள் என்று சொல்லவில்லை. சாஸ்திரிகள் மூவர் என்று மத்தேயு எழுதவில்லை. அவர்கள் பிள்ளையைக் கண்டதும் ஒரு வீட்டில்தான். லூக்காவின் பிறப்பு வரலாற்றில் சத்திரக்காரர் எவரும் வாய் திறப்பதில்லை. ஓவியர் ஆப்பிளை வரைந்துவிட்டார் என்பதற்காக நான் ஒரு நூலை ஒதுக்குவதில்லை. ஆனால் எழுத்திலும் இவையே வருமானால், ஆசிரியர் வேதாகமத்தைத் திறக்காமல் வேறு குழந்தை நூல்களைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றபடி, தடித்த அட்டைப் பக்கங்களும் பக்கத்துக்கு இரண்டு மூன்று வாக்கியங்களும் போதும். இந்த வயதில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்பதால், உரக்க வாசிக்கும்போது உங்கள் நாக்குக்கு இடறாத நடையாக இருக்கட்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற நூலகர்

தாங்கள் கேட்ட விதத்தில் வாதம் செய்யும் நூல் வேண்டுமானால் சி. எஸ். லூயிஸின் "மியர் கிறிஸ்டியானிட்டி" பொருத்தமானது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் வானொலியில் ஆற்றிய உரைகள் 1952-இல் ஒரே நூலாயின. ஆகையால் அதிகாரங்கள் சிறியவை, நடை பேச்சு நடை. நன்மை தீமை என்ற உணர்வு நமக்கு எங்கிருந்து வந்தது என்று தொடங்கி, நெடுநேரம் இயேசுவின் பெயரையே எடுக்காமல் செல்வார். அந்தப் பொறுமைதான் தின தியான நூல்களில் கிடைக்காதது.

அதே ஆசிரியர் துன்பத்தைப் பற்றி எழுதிய இரு நூல்களை அடுத்தடுத்து வாசிப்பதையும் பரிந்துரைக்கிறேன். 1940-இல் வந்தது, கடவுள் நல்லவரானால் துன்பம் ஏன் என்பதற்கு நிதானமாகப் பதில் தேடும் ஆய்வு. மனைவியை 1960-இல் இழந்தபின் எழுதி 1961-இல் புனைபெயரில் வெளியிட்டது, துக்கத்தின் நாட்குறிப்பு. முன்னதில் சீராக நடந்த வாதங்கள் பின்னதில் தடுமாறுகின்றன. கடவுளின் கதவு தன் முகத்தில் அடைக்கப்பட்டதாகவே அவர் எழுதுகிறார். நம்பிக்கையை விட்டுவிடவும் இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கு முதல் நூலைக் கொடுக்காதீர்கள்; இரண்டாவதைக் கொடுங்கள்.

பழைய நூல்களில் அகுஸ்தீனாரின் "கன்ஃபெஷன்ஸ்" பெயரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஏறத்தாழ 400-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட அந்த நூல் முழுவதும் கடவுளை நோக்கிய பேச்சாகவே அமைந்திருக்கிறது. சிறுவயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்ததை எடுத்துக்கொண்டு, பசியில்லாதபோது, அதைவிட நல்ல பழங்கள் தம்மிடமே இருந்தபோது, ஏன் திருடினேன் என்று அவர் விடாமல் துருவும் இடத்தை மட்டுமாவது வாசியுங்கள். பதின்மூன்று பகுதிகளில் முதல் ஒன்பதுதான் வாழ்க்கை வரலாறு. முதல் முறை அங்கேயே நிறுத்திக்கொள்வதில் குற்றமில்லை. நேரம் குறைவாக இருக்கும் நாட்களுக்கு, பாரிஸ் நகர மடமொன்றின் சமையலறையில் பணிசெய்த 17-ஆம் நூற்றாண்டுச் சகோதரர் லாரன்ஸின் உரையாடல்களும் கடிதங்களும் அடங்கிய சிறிய நூல் இருக்கிறது.

பதில் 3: இரு பிள்ளைகளின் தந்தை

ஆசிரியை அவர்கள் கூறியதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டால், சிறு குழந்தைகளுக்கான அலமாரியில் முதலில் கேள்விக்குள்ளாவது நோவாவின் பேழைதான். ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்ட, யானை புன்னகைக்க, வானவில்லின்கீழ் மிதக்கும் ஒரு பொம்மைக் கப்பலாகவே அது வரையப்படுகிறது. படத்தில் இல்லாதவர்கள் எங்கே என்று ஒருநாள் பிள்ளை கேட்கும். பதிலை மறைப்பதும், நான்கு வயதில் முழுவதையும் சொல்வதும், இரண்டுமே எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. எனவே அந்தக் கதையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். காணாமற்போன ஆடு, காட்டத்தி மரத்தில் ஏறிய சகேயு, இரவில் தன் பெயர் சொல்லி அழைத்த குரலைக் கேட்டு ஏலியிடம் மூன்று முறை ஓடிய சாமுவேல், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன் என, எதையும் ஒளிக்காமல் சொல்லத்தக்க கதைகளே போதுமான அளவு இருக்கின்றன. சாமுவேலுக்குக் கிடைத்த செய்தி கடுமையானது என்பது உண்மை; ஆனால் குழந்தை அழைப்போடு நின்று கேட்டாலும் கதை பொய்யாகிவிடுவதில்லை.

ஒன்பது வயது மகனுக்கு லூயிஸின் நார்னியா கதைகள் ஏழும் ஏற்றவை. வெளிவந்த வரிசைப்படி, அதாவது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் வரும் 1950-ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குங்கள். இக்காலப் பதிப்புகளில் முதலாவது என்று எண்ணிடப்பட்டிருப்பது உண்மையில் ஆறாவதாக, 1955-இல் வந்தது. அதை முன்னால் வாசித்தால் அலமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற வியப்பு போய்விடும். அந்தக் கதைகளில் வரும் சிங்கமான அஸ்லான் உண்மையில் யார் என்பதை அவனே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு விளக்கினால், அவன் வெறுக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை நாமே எழுதியவர்களாவோம்.

பிள்ளைகளுக்கான வேதாகமம் வாங்கும்போது, அது புராட்டஸ்டண்ட் வழக்கப்படி 66 நூல்களை அடிப்படையாகக் கொண்டதா, கத்தோலிக்க வழக்கப்படி 73 நூல்களையா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. சேர்ந்து வாசிப்பதற்கு ஜான் பனியனின் "மோட்சப் பிரயாணம்" எவ்வாறு இருக்கும்? சுருக்கப் பதிப்பொன்றை மகனிடம் கொடுத்தபோது, கதைநாயகன் கிறிஸ்தியான் மோட்சத்தைத் தேடி மனைவி மக்களை விட்டுவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடும் முதற்காட்சியிலேயே, அவர் கெட்ட அப்பா என்று மூடிவைத்துவிட்டான்.

பதில் 4: ஓய்வுபெற்ற நூலகர்

தங்கள் மகனின் எதிர்ப்பு நியாயமானதே. பனியனிடமே அதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. 1678-இல் வந்தது முதல் பாகம் மட்டுமே. 1684-இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனைவி கிறிஸ்தியானாள் நான்கு மகன்களையும் அழைத்துக்கொண்டு அதே வழியில் புறப்படுகிறாள். சுருக்கப் பதிப்புகள் பலவும் இதை விட்டுவிடுகின்றன. தனியாகச் சென்றவனின் பயணத்தைவிட இது மெதுவானது, கூட்டமானது. பிள்ளைகளுக்குக் கால் வலிக்கிறது, வழித்துணையாக வரும் வீரர் இராட்சதர்களோடு போரிடுகிறார், மூத்தவன் மத்தேயு எதிரியின் தோட்டத்து மரத்திலிருந்து மதிலுக்கு வெளியே தொங்கிய பழத்தைத் தின்று வயிற்று வலியில் துடிக்க, வைத்தியர் வந்து மாத்திரை கொடுக்கிறார். ஒன்பது வயதுப் பையனுக்கு இதைவிட நெருக்கமான காட்சி அந்த நூலில் வேறில்லை.

ஆகவே இரு பாகங்களும் அடங்கிய முழுப் பதிப்பைத் தேடிப் பெறுங்கள். அம்மாவும் பிள்ளைகளும் பின்னால் வருகிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டு முதல் பாகத்தைத் தொடங்கினால், சந்தேகக் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தவர் தம் மார்பிலேயே வாக்குத்தத்தம் என்னும் சாவி இருப்பதை நினைவுகூரும் இடம்வரை மகன் வந்துவிடுவான். அதன்பின் அவனை இழுத்துச் செல்ல வேண்டியிராது. நீண்ட உபதேச உரையாடல்களை நீங்கள் முன்கூட்டியே பார்த்து, உரக்க வாசிக்கையில் தாண்டிச் செல்லலாம். அவற்றைத் தனியே வாசிக்கத் தங்களுக்கு விருப்பம் ஏற்பட்டால், அதே கதையை எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை தமிழ்க் காப்பியமாகப் பாடி 1894-இல் வெளிவந்த "இரட்சணிய யாத்திரிக"த்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உரை இல்லாமல் செய்யுளில் நுழைவது கடினம். உரையுடன் கூடிய பதிப்பாகத் தேடுங்கள்.