ஏடிபி டிவைசஸ் கொடுத்தால் ஐந்தில் மூன்றுதான் வருகிறது, அதிலும் இரண்டுக்கு ஒரே சீரியல் நம்பர்

முருங்கைமரம் கேட்டது:

மாமாவின் மெஸ்ஸில் ஆர்டர் எடுக்கச் சின்னதாக ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைப் போட வேண்டிய சாதனங்கள் ஐந்து: நான்கு டேப்லெட், என்னுடைய பழைய போன் ஒன்று. டேப்லெட்டில் இரண்டு பெயர் தெரியாத மலிவு ரகம், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. ஐந்தையும் தனி கரண்ட் உள்ள ஒரு யுஎஸ்பி ஹப்பில் செருகி, ஹப்பை லேப்டாப்பில் மாட்டியிருக்கிறேன். லேப்டாப்பில் உபுண்டு 22.04. லேப்டாப்பிலிருந்து ஆண்ட்ராய்டு சாதனங்களுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியை வைத்துத்தான் ஆப்பை ஏற்றப் பார்க்கிறேன். ஏடிபியை ஆப்ட்டில் (உபுண்டுவின் மென்பொருள் நிறுவி) போடவில்லை, கூகுள் தரும் பிளாட்பார்ம் டூல்ஸ் ஜிப்பை இறக்கி விரித்து வைத்திருக்கிறேன்.

மாட்டியிருப்பவற்றைப் பட்டியலிட முதலில் ஏடிபி டிவைசஸ் கொடுத்தபோது எல்லாவற்றுக்கும் எதிரே "நோ பெர்மிஷன்ஸ்" என்று வந்தது. கில்-சர்வர் கொடுத்து ஏடிபியை நிறுத்திவிட்டு சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு ஓட்டினேன், சரியாகிவிட்டது. அதன்பின் சூடோ இல்லாமலும் வந்தது. ஆனால் மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் மறுபடி அதே நோ பெர்மிஷன்ஸ், மறுபடி சூடோ. இப்போது வரும் பட்டியல் இது:

0123456789ஏபிசிடிஇஎஃப் – டிவைஸ்
0123456789ஏபிசிடிஇஎஃப் – டிவைஸ்
(என் போனின் சீரியல்) – அன்ஆதரைஸ்டு

லேப்டாப்பில் மாட்டிய யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கொடுத்தால் இவற்றில் நான்கு தெரிகின்றன. கையில் இருப்பது ஐந்து, எல்எஸ்யுஎஸ்பிக்கு நான்கு, ஏடிபிக்கு மூன்று. அந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு -எஸ் போட்டு, அதாவது சீரியலைச் சொல்லித் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் செய்யப் போனால் "மோர் தேன் ஒன் டிவைஸ்" என்று திட்டுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கம்பிக்காரன்:

எல்எஸ்யுஎஸ்பியிலேயே இல்லாத அந்த ஐந்தாவதுக்கு கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கும், அதற்குள் டேட்டா கம்பியே இருக்காது. என்னிடம் ஒரு டப்பா நிறைய கிடக்கிறது, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

எல்எஸ்யுஎஸ்பியில் இருந்து ஏடிபியில் மட்டும் இல்லாததற்குக் கேபிள் நன்றாகவே இருக்கிறது, அதில் யுஎஸ்பி டீபகிங் (ஏடிபியின் கட்டளையை ஏற்க விடும் வசதி) ஆன் செய்திருக்க மாட்டீர்கள். செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்ததும் வேலை முடிந்தது என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே போய் டீபகிங்கைத் தனியாக ஆன் செய்ய வேண்டும்.

தூரல்:

சூடோ பழக்கத்தை முதலில் விடுங்கள், உங்கள் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

ஏடிபி ஒரே புரோகிராம் மாதிரித் தெரிந்தாலும் நீங்கள் கட்டளை கொடுக்கும்போது பின்னால் ஒரு சர்வர் எழுந்து 5037 போர்ட்டில் உட்கார்ந்துகொள்கிறது. யுஎஸ்பியைத் தொடுவது அந்த சர்வர்தான், பட்டியலையும் அதுதான் தருகிறது. சூடோவோடு கிளப்பியதால் சர்வர் ரூட்டாக (நிர்வாகியாக) ஓடியது, அதனால்தான் பிறகு சூடோ இல்லாமல் கேட்டாலும் பதில் வந்தது. லேப்டாப்பை அணைத்ததும் அது போயிற்று, காலையில் உங்கள் பெயரில் புது சர்வர் எழுந்தது, அதற்கு யுஎஸ்பியைத் தொட அனுமதி இல்லை.

ஜிப்பாக இறக்கினால், எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதிகள் அதோடு சேர்ந்து வராது. ஆப்ட்டில் ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்பார்ம்-டூல்ஸ்-காமன் என்ற பேக்கேஜை மட்டும் போடுங்கள், விதிகள் அதில் இருக்கின்றன. நீங்கள் பிளக்டெவ் குழுவில் (செருகும் சாதனங்களைத் தொட அனுமதி உள்ள பயனர் குழு) இருக்கிறீர்களா என்றும் பாருங்கள், இல்லையென்றால் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள். அப்புறம் கில்-சர்வர், கேபிள்களை உருவி மறுபடி செருகி, சூடோ இல்லாமல் ஏடிபி டிவைசஸ்.

இன்னொன்று. கட்டளை கொடுப்பது யார் என்று சாதனம் அடையாளம் காண ஏடிபி ஒரு சாவி வைத்திருக்கிறது. ரூட்டுக்கு ஒரு சாவி, உங்களுக்கு ஒரு சாவி, இரண்டும் வேறு வேறு. அதனால் ஏற்கனவே "அனுமதி" அழுத்தின டேப்லெட்கள்கூட இப்போது ஒருமுறை கேட்கும், மிரளாதீர்கள். அன்ஆதரைஸ்டு என்றால் போன் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது என்று பொருள். திரை பூட்டியிருந்தால் அந்தப் பெட்டி உங்கள் கண்ணில் படாது. திறந்து பார்த்தும் வரவில்லை என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பழைய டீபகிங் அனுமதிகளை ரத்து செய்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

எட்டாம்_நம்பர்_ஸ்பேனர்:

எல்லாரும் மற்றதைப் பார்த்துவிட்டீர்கள், நான் அந்த இரட்டையருக்கு வருகிறேன். சீரியல் நம்பர் என்றால் உலகத்தில் ஒன்றுதான் இருக்கும் என்று நம்பியிருந்தேன், 0123456789ஏபிசிடிஇஎஃப்பைப் பார்க்கும் வரைக்கும். அது நம்பரே இல்லை, ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் காட்டுகிற மாதிரி, சிப் கம்பெனி மாதிரிக்கு வைத்த எழுத்து. டேப்லெட் செய்தவர்கள் அதை மாற்றாமல் அப்படியே பெட்டியில் போட்டு விற்றுவிடுகிறார்கள். மலிவு சாதனங்களில் இது சகஜம். -எஸ் என்பது அந்தப் பெயரை வைத்துத்தான் தேடும், இரண்டு பேர் "உள்ளேன் ஐயா" சொன்னால் அது என்ன செய்யும்?

ஏடிபி டிவைசஸ் -எல் கொடுங்கள். ஒவ்வொரு வரியும் நீளமாக வரும்: யுஎஸ்பி பாதை, பிராடக்ட், மாடல், டிவைஸ், கடைசியில் டிரான்ஸ்போர்ட்_ஐடி. இரட்டையருக்கு மற்றதெல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் பாதையும் டிரான்ஸ்போர்ட்_ஐடியும் வேறாக இருக்கும். அந்த ஐடி 7 என்றால் ஏடிபி -டி 7 இன்ஸ்டால் என்று கொடுக்கலாம், டிரான்ஸ்போர்ட்டின் முதல் எழுத்துதான் அந்த டி. ஆனால் ஒரு தடவை உருவிச் செருகினால் ஐடி புதிதாகிவிடும், ஸ்கிரிப்டில் எழுதி வைக்க உதவாது.

ஸ்கிரிப்ட் என்றால் பாதையைப் பிடியுங்கள். யுஎஸ்பி:1-4.2 என்று இருந்தால் முதல் பஸ், அதில் நான்காம் போர்ட், அங்கே மாட்டிய ஹப்பில் இரண்டாம் ஓட்டை. -எஸ்ஸுக்குப் பின்னால் சீரியலுக்குப் பதில் இதை அப்படியே கொடுக்கலாம்: ஏடிபி -எஸ் யுஎஸ்பி:1-4.2 இன்ஸ்டால் -ஆர் மெஸ்.ஏபிகே. எந்த டேப்லெட்டைச் செருகினாலும் அந்த ஓட்டைக்கு அதே பெயர்தான்.

வெண்டைக்காய்_பொரியல்:

இவ்வளவு எதற்கு, ஆண்ட்ராய்டு 11லிருந்து வயர்லெஸ் டீபகிங் இருக்கிறதே. ஏடிபி பேர் (ஜோடி சேர்க்கும் கட்டளை) கொடுத்து, திரையில் வரும் ஆறு இலக்க எண்ணை அடித்தால் முடிந்தது. கேபிளும் வேண்டாம் ஹப்பும் வேண்டாம்.

முருங்கைமரம்:

@வெண்டைக்காய்_பொரியல் டேப்லெட் எல்லாம் ஆண்ட்ராய்டு 9 நண்பரே, அந்த மெனுவே இல்லை.

மற்றபடி எல்லாம் சரியாகிவிட்டது. ஐந்தாவது, கம்பிக்காரன் சொன்ன மாதிரி கேபிள்தான், டார்ச் லைட்டோடு வந்த கேபிள் அது. நான்காவதில் டீபகிங் ஆஃப். பேக்கேஜ் போட்டு பிளக்டெவ்வில் சேர்ந்தபின் சூடோ இல்லாமலே ஐந்தும் வந்தன, நான்கு டேப்லெட்டும் வரிசையாக அனுமதி கேட்டன. போன் மட்டும் முரண்டு பிடித்தது, பழைய அனுமதிகளை ரத்து செய்ததும் பெட்டி வந்தது. இரட்டையர் 1-4.2, 1-4.3இல் இருக்கிறார்கள், பாதை கொடுத்ததும் சத்தமில்லாமல் இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஹப்பின் ஐந்து ஓட்டைக்கும் மாமா கடை விலைச் சீட்டை ஒட்டி நம்பர் போட்டு வைத்துவிட்டேன்.

எட்டாம்_நம்பர்_ஸ்பேனர்:

சீட்டு ஒட்டியது சரி. லேப்டாப்பில் ஹப் போகும் ஓட்டைக்கும் ஒன்று ஒட்டுங்கள், அதை மாற்றிச் செருகினால் 1-4 என்பதே 1-3 ஆகிவிடும்.