ஹாலுக்கு இரண்டு நிறம் அடித்தால் தாலுகா ஆபீஸ் மாதிரி ஆகிவிடுமா?

திருச்சிக்காரி:

வணக்கம். திருச்சியில் இரண்டாவது மாடியில் எங்கள் ஃபிளாட். ஹால் 16 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. குடிவந்தபோது அடித்த க்ரீம் நிறம் இன்னும் இருக்கிறது, அதாவது மேல்பக்கம் இருக்கிறது. கீழ்ப்பக்கம் என்ன நிறம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சின்னவன் சைக்கிள் ஹேண்டில்பாரைச் சுவரில் உரசிக்கொண்டே போகிறான். டைனிங் நாற்காலிகளின் முதுகு இடித்து இடித்து ஒரு தடம் விழுந்துவிட்டது. மாமனார் பேப்பர் படிக்கும் நாற்காலிக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாக.

பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்கலாம் என்று இருக்கிறோம். கீழே அடர்ந்த பச்சை, மேலே வெள்ளையை ஒட்டிய நிறம் என்று எனக்கு ஆசை. சொன்னதும் அம்மா, "ஹாலுக்கா? தாலுகா ஆபீஸ்ல போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்டி" என்கிறார். வந்து பார்த்த பெயிண்டரோ, "சரிபாதியா அஞ்சடியில பிரிச்சிடலாம் மேடம், கீழே ஆயில் பெயிண்ட் அடிச்சா துடைச்சுக்கலாம்" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சொல்வதே சரியோ என்று இருக்கிறது.

எந்த உயரத்தில் பிரிப்பது? ஆயிலா, தண்ணீர் கலந்து அடிக்கிற எமல்ஷனா? கோடு நேராக வர என்ன செய்ய வேண்டும்? ஜன்னல் மேற்குப் பார்த்தது. கதவு நிலை தேக்கு வார்னிஷ், தரை ஐவரி டைல்ஸ்.

கடைசிபெஞ்ச்:

நான் அம்மா கட்சி. எங்கள் பள்ளிக்கூடத்தில் கீழே பச்சை ஆயில் பெயிண்ட், மேலே சுண்ணாம்பு, நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு சாக்லேட் கோடு. அந்தப் பச்சையை வீட்டில் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஹோம்வொர்க் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். பேசாமல் சாம்பல் நிறம் பாருங்கள்.

தூரிகை_கோவை:

வணக்கம் சகோதரி. கோவையில் பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். உங்கள் பெயிண்டரைக் குறை சொல்ல வரவில்லைங்க. ஆனால் ஐந்தடி, ஆயில் பெயிண்ட் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினால் அம்மா சொன்னது அப்படியே பலிக்கும்.

அரசாங்கக் கட்டடங்களில் அப்படி அடித்ததற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் செலவு குறைவு. ஆனால் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், ஈரத்துணி பட்டால் திட்டுத்திட்டாகும். அதனால் ஆள் சாய்கிற, கை வைக்கிற உயரம் வரைக்கும் மட்டும் துடைக்கிற மாதிரி எனாமல், அதாவது ஆயில் பெயிண்ட் அடித்தார்கள். வரிசையில் நிற்கிறவர்களின் தோளும் தலையும் படும் என்பதால் கோடு நாலரை, ஐந்து அடிக்கு ஏறியது. உங்கள் ஹாலில் யாரும் மனு கொடுக்க வரிசையில் நிற்கப் போவதில்லை, உட்காரத்தான் போகிறார்கள். பளபளப்பு, அந்த உயரம், நடுவில் ஓடும் சாக்லேட் கோடு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் தாலுகா ஆபீஸ். பச்சை பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். தேக்கு நிலைக்குப் பக்கத்தில் கரும்பச்சை ரொம்ப நன்றாக எடுக்கும். சாம்பல் அங்கே சோகையாகத்தான் நிற்கும்.

கோட்டின் உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. நிறம் பார்க்க ஷேட் கார்டை ஒரு வாரம் புரட்டுகிறவர்கள் கோட்டை எங்கே போடுவது என்று ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. உங்கள் சுவரில் ஏற்கெனவே சில கோடுகள் இருக்கின்றன. ஜன்னலின் கீழ்விளிம்பு, அதாவது சில் மட்டம், பெரும்பாலும் 3 அடியில் இருக்கும். சுவிட்ச் போர்டு 4 முதல் 4½ அடி. கதவும் ஜன்னலும் மேலே முடியும் லிண்டல் மட்டம் 7 அடி. நீங்கள் புதிதாக இழுக்கும் கோடு இதில் ஏதாவது ஒன்றோடு சேர்ந்துகொள்ள வேண்டும். நாலு அங்குலம் மேலே கீழே தள்ளிப் போனால், மட்டம் பிடித்து அடித்திருந்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்குக் கோணலாகத்தான் தெரியும். சுவிட்ச் போர்டின் வயிற்றில் போய் முட்டுகிற கோடு இருக்கிறதே, அதைவிட மோசம் எதுவும் இல்லை. ஐந்தடியில் பிரித்த பல வீடுகளில் போர்டுக்கு மேலே ஒரு சாண் அளவு மட்டும் பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சுவரில் மூன்றில் ஒரு பங்கு அடர்நிறம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பத்தடிக்கு 3 அடி 4 அங்குலம் வரும். உங்கள் ஜன்னல் 3 அடியில் தொடங்கினால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு 3 அடியிலேயே நிறுத்துங்கள். கோடு ஜன்னலுக்கு அடியில் எங்கும் உடையாமல் ஒரே ஓட்டமாகப் போய்விடும், ஜன்னல் முழுக்க வெளிர்நிறத்துக்குள் நிற்கும், போர்டும் தப்பிக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரும் நாற்காலி முதுகும் பச்சைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் டேப் வைத்துப் பாருங்கள். சின்னப்பையன் சைக்கிள் என்றால் அடங்கிவிடும்.

அப்புறம் மாமனார் நாற்காலி. தரையில் உட்கார்ந்து சாய்ந்தால் தலை ஏறக்குறைய மூன்றடிக்குள் இருக்கும். நாற்காலியில் மூன்றரை, நாலடிக்குப் போகும், அதாவது கோட்டுக்கு மேலே, வெள்ளையில். அதற்காகக் கோட்டை ஏற்ற வேண்டாம். நாற்காலியைச் சுவரிலிருந்து அரையடி இழுத்துப் போடுங்கள், மேல் நிறத்துக்கும் கழுவக்கூடிய எமல்ஷனாகவே வாங்குங்கள். இப்போது இருக்கும் பிசுக்கை சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்தபின் எமரித்தாள் போட்டு, அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் ஒரு கை அடிக்கச் சொல்லுங்கள். நேராக மேலே அடித்தால் புதுப் பெயிண்டிலும் அந்த வட்டம் திரும்ப எழும்பி வரும்.

ஆயில் பெயிண்ட் வேண்டாம். எமல்ஷனிலேயே கீழே லேசான மினுமினுப்புள்ள சாட்டின் வகை, மேலே மினுமினுப்பே இல்லாத மேட். பட்டி பார்த்த சுவரில் மேடு பள்ளம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். எனாமலின் பளபளப்பு ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் காட்டும், அதுவும் மேற்கு ஜன்னல் வெயில் சாய்வாக விழும்போது.

கோடு அடிக்கும் முறை. முதலில் வெளிர்நிறம், இரண்டு கோட், பிரிவுக் கோட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே வரைக்கும் இறக்கி அடித்துவிட வேண்டும். ஒரு நாளாவது காயட்டும். அவசரப்பட்டு டேப் ஒட்டினால் டேப்போடு பெயிண்டும் உரிந்து வரும். மட்டத்தைத் தரையிலிருந்து மூன்றடி மூன்றடியாக அளந்து குறிக்கக் கூடாது. தரையில் வாட்டம் இருந்தால் அது அப்படியே சுவரில் ஏறிவிடும். ஜன்னல் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து, டியூப் லெவலாலோ (தண்ணீர் நிரப்பிய குழாய்) லேசராலோ மற்ற மூலைகளுக்கு எடுத்துப் போக வேண்டும். டியூபுக்குள் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது, நின்றால் மட்டம் பொய் சொல்லும். நீலம் தோய்த்த நூலால் கோடு அடிக்கிறேன் என்று பையன்கள் வருவார்கள், விடாதீர்கள். வெள்ளையில் நீலம் லேசில் போகாது. பென்சில் போதும்.

பென்சில் கோட்டுக்கு மேலே டேப், அதன் கீழ்விளிம்பு கோட்டில் உட்கார வேண்டும். பழைய ஏடிஎம் கார்டு வைத்து அந்த விளிம்பை அழுத்தித் தேய்க்கணும். இனிதான் முக்கியமான இடம். உடனே பச்சையை அடிக்கக் கூடாது. டேப் விளிம்பின் மேல் முதலில் அதே வெள்ளையை ஒரு முறை ஓட்ட வேண்டும். டேப்புக்கு அடியில் கசிவது எதுவாக இருந்தாலும் வெள்ளையாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அது காய்ந்தபின் பச்சை இரண்டு கோட். கடைசிக் கோட் முழுக்கக் காய்வதற்குள், தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும்போதே, டேப்பை அதன்மேலேயே மடக்கின மாதிரி மெதுவாக உரிக்க வேண்டும். ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் உரித்தால் விளிம்பு எலி கடித்த மாதிரி வரும்.

அளவு: உங்கள் ஹாலின் சுற்றளவு 52 அடி. கீழே மூன்றடிக்கு 156 சதுர அடி, கதவு வழி போக இன்னும் குறையும். இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு 100 முதல் 140 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். அடர்பச்சை சில சமயம் மூன்றாவது கோட் கேட்கும், அதனால் ஒரு லிட்டர் டப்பா இரண்டு. மேலே நாலு லிட்டர் டப்பா ஒன்று தாராளம். பச்சை இரண்டு டப்பாவையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலந்து வாங்குங்கள்.

கும்பகோணம்_தெருவீடு:

மேலே சொன்னது மாடி வீட்டுக்குச் சரி. தரைத்தளத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக.

எங்களுடையது செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே மரச் சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், கூரை பதின்மூன்று அடி. முன்பு இருந்தவர்கள் கீழ்ப்பாதிக்கு எனாமல் அடித்திருந்தார்கள். ஐப்பசி மழையில் சுவர் கீழேயிருந்து ஓதம் உறிஞ்சும். எனாமல் அதை வெளியே விடாது. கொப்புளம் கொப்புளமாக எழும்பும், ஊசியால் குத்தினால் உள்ளே மாவு மாதிரி உப்பு. கொப்புளம் எனாமலோடு நிற்காமல் காரையையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. "வாட்டர்ப்ரூஃப் அடித்தால் நின்றுவிடும்" என்று ஒருவர் இன்னொரு பூச்சு பூசிவிட்டுப் போனார். ஈரம் இரண்டடி மேலே ஏறிக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் எல்லாவற்றையும் சுரண்டி, வேனில் முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பிலேயே பூசி, நிறம் கலந்த சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், ஆனால் சுவர் நிற்கிறது. பிரிவுக் கோட்டை லிண்டல் மட்டத்துக்குக் கொண்டுபோனோம், கீழே மண்ணிறம், மேலே வெள்ளை. பதின்மூன்றடி உயரத்துக்கு மூன்றடிக் கோடு பாதத்தில் கொலுசு போட்ட மாதிரி இருந்திருக்கும்.

திருச்சிக்காரி:

தூரிகை அண்ணா, ரொம்ப நன்றி. ஜன்னல் அடியை அளந்துவிட்டேன், சரியாக 3 அடி. சைக்கிள் அடங்குகிறது. அம்மாவிடம் சாக்லேட் கோடு கிடையாது என்று சொன்னதும் பாதி சம்மதம். மீதி சம்மதத்துக்கு நிறத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

இன்னும் இரண்டு கேள்வி. டேப் ஒட்டிக் கோடு எடுக்கத் தனியாகக் காசு வேண்டும் என்கிறார் பெயிண்டர், அது நியாயமா? பெட்ரூமில் ஒரு பக்கம் பரண் இருக்கிறது, அங்கும் மூன்றடிதானா?

தூரிகை_கோவை:

நியாயம்தாங்க. மட்டம் பார்த்து, டேப் ஒட்டி, விளிம்பை அடைத்து, காத்திருந்து உரிப்பது ஒரு ஆளின் நாளைத் தின்னும். சதுர அடிக் கணக்கில் அது வராது. ரன்னிங் அடிக்கு, அதாவது கோட்டின் நீளத்தில் ஓர் அடிக்கு, இவ்வளவு என்று தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். டேப் யார் வாங்குவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அவர் வாங்கினால் பழுப்புக் காகித டேப்தான் வரும், நீல நிறப் பெயிண்டர் டேப்பை நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. சுவிட்ச் போர்டு மூடியைக் கழற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், மெயினை அணைத்துவிட்டுத்தான்.

பெட்ரூமுக்கு மூன்றடி வேண்டாம். பரணின் அடி பெரும்பாலும் 7 அடியில் லிண்டலோடு சேர்ந்துதான் இருக்கும். அந்த மட்டத்தில் அறையைச் சுற்றிக் கோடு எடுத்து, அதற்கு மேலே சுவர், கூரை, பரண் கதவு எல்லாம் ஒரே வெள்ளை. கீழே உங்களுக்குப் பிடித்த வெளிர்நிறம். பரண் இருக்கும் இடமே தெரியாது. ஏசி பெட்டியும் அந்த வெள்ளைக்குள் போய்விடும்.

அம்மாவுக்குக் காட்ட 200 மில்லி சாம்பிள் கலந்து வாங்கி, ஹாலில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு சொல்ல விடாதீர்கள், எமல்ஷன் காய்ந்தபின் சற்று அழுத்தமாகும். சாயங்காலம் ஐந்து மணி வெயிலில் பச்சை கொஞ்சம் மஞ்சள் தட்டும். ராத்திரி 6500 கெல்வின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அதே பச்சை ஆஸ்பத்திரிப் பக்கம் சாயும். அம்மாவுக்கு அந்த நேரத்தில் காட்டினால் காரியம் கெட்டது. 3000 கெல்வின் பல்பு ஒன்று மாட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.

திருச்சிக்காரி:

பல்பு வாங்கிவிட்டேன். சாம்பிள் நாளைக்கு. பச்சையில் எந்த எண் என்று அம்மா பார்த்தபிறகு இங்கேயே போடுகிறேன்.

தூரிகை_கோவை:

சரிங்க. முடிந்ததும் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளுக்கு டச்-அப் தேவைப்படும்.