டிஸ்க் நிரம்பி ஃபைல்சிஸ்டத்தை வளர்த்த அனுபவம்: பார்த்ததைப் பகிருங்கள்

குடந்தை லினக்ஸ்:
வைகாசி முகூர்த்த சீசன், கல்யாண வீடியோ ஸ்டுடியோ, 4 டிபி டிஸ்க் 97 சதவீதம். பல டிஸ்க்கை ஒரே இடமா சேர்க்கிற எல்விஎம், அதுக்கு மேலே எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். 8 டிபி ஒன்று மாட்டி, எல்வியை (ஃபைல்சிஸ்டம் உட்கார்ற லாஜிக்கல் வால்யூமை) நீட்டுற பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட், எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளை எல்லாம் ஆச்சு. எவ்வளவு நிரம்பியிருக்குன்னு காட்டுற டிஎஃப் அடிச்சா அதே 97! ஸ்டுடியோக்காரர் முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. எல்வி பெருசானது ஃபைல்சிஸ்டத்துக்குத் தெரியாது, அவ்வளவுதான். அதை வளர்க்கிற எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளையைக் கொடுத்ததும் இடம் வந்தது. எடிட்டிங்கை நிறுத்தக்கூட வேண்டியதில்லை. அந்தக் கட்டளைக்கு மவுண்ட் பாயின்ட்டை (ஃபைல்சிஸ்டம் திறக்கிற ஃபோல்டரை) கொடுக்கணும். எக்ஸ்ட்4 என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்துக்கான ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு டிவைஸ் பெயர். எல்விஎக்ஸ்டெண்டோடு -ஆர் சேர்த்தா ரெண்டும் ஒரே கட்டளையில் முடியும்.

மன்னை டேட்டா:
குடந்தை அண்ணே, இடம் வந்தது சரி. ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கிற ரெய்டு இல்லாம ரெண்டு டிஸ்க்கை ஒரே எல்வியில் நீட்டினா எது செத்தாலும் மொத்த ஃபைல்சிஸ்டமும் போகும். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க நடைமுறையில் வழியும் இல்லை. நாளைக்கு அந்த 8 டிபியைக் கழட்டணும்னா அதில் இருக்கிறதை வேற டிஸ்க்குக்கு நகர்த்த பிவிமூவ் பண்ணணும், இல்லைன்னா காப்பி எடுத்துட்டுப் புதுசா போடணும்.

நான் பார்த்தது பத்திரம் ஸ்கேன் பண்ற ஆபீஸ். எக்ஸ்ட்4, 2 டிபி, பாதி காலி. ஆனா "இடமில்லை"ன்னு பிழை. டிஎஃப் -ஐ போட்டா ஐநோடு (ஃபைலுக்கு ஒண்ணு வேண்டிய பதிவு) 100 சதவீதம். யாரோ லார்ஜ்ஃபைல் வகையில் ஃபார்மேட் பண்ணியிருக்காங்க: 1 எம்பிக்கு ஒரு ஐநோடு, ஆக மொத்தம் சுமார் 19 லட்சம். குட்டி குட்டி ஜேபெக் அதைத் தின்னுடுச்சு. அந்த விகிதத்தைப் பிறகு மாத்த முடியாது. டிஸ்க்கை வளர்த்தாலும் அதே விகிதத்தில்தான் ஐநோடு கூடும். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடு உண்டாக்கிக்கும்.

தஞ்சை சர்வர்:
நான் பார்த்தது இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம். மூணு 4 டிபி, ரெய்டு-இசட்1 (பாரிட்டிங்கிற மீட்புத் தகவலால் ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்). நாலாவதைப் பூலில் (டிஸ்க் தொகுப்பில்) சேர்க்க ஒருத்தர் இசட்பூல் ஆட் கொடுத்தார். பொருந்தாத அமைப்புன்னு எச்சரிச்சுது, கட்டாயப்படுத்துற -எஃப் போட்டுத் தள்ளிட்டார். ஸ்டேட்டஸில் அந்த நாலாவது டிஸ்க் ரெய்டு-இசட்1-0க்கு உள்ளே தள்ளி நிக்காம, அதே வரிசையில் சமமா நின்னுது. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிடுச்சு. அந்த ஒத்தை டிஸ்க் போனா முழுப் பூலும் போகும். ரெய்டு-இசட் இருக்கிற பூலில் அதை ரிமூவ் பண்ணவும் விடாது. அதனால அதோட இன்னொரு டிஸ்க்கை அட்டாச் பண்ணி மிரர் (ரெண்டிலும் ஒரே டேட்டா) ஆக்கினோம். ஆட் கொடுக்கும் முன்னாடி -என் போட்டு ஒத்திகை பாருங்க. 2025 ஜனவரியில் வந்த ஓபன் இசட்எஃப்எஸ் 2.3 முதல் ரெய்டு-இசட்டிலேயே அட்டாச் பண்ணி அகலப்படுத்தலாம். பழைய ஃபைல்கள் திரும்ப எழுதும்வரை பழைய பாரிட்டி விகிதத்தில்தான் இருக்கும்.

நாகை கடலோரம்:
தஞ்சை சார், ஒரே அளவு டிஸ்க்கா வாங்க இங்கே எத்தனை கடைக்காரரால் முடியும்? ரெய்டு-இசட்டில் சின்ன டிஸ்க் அளவுதான் கணக்கு. பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தின் ரெய்டு1-ல் (எல்லாத்துக்கும் ரெண்டு டிஸ்க்கில் ரெண்டு பிரதி) 4, 4, 8 டிபி கலந்து போட்டாலும் டேட்டாவுக்கு 8 டிபி முழுசா கிடைக்கும்.

ஆனா ஒண்ணு. ரெண்டு 4 டிபியும் நிரம்பின பிறகு 8ஐச் சேர்த்த இடத்தில், புது டிஸ்க் காலியா இருந்தும் எழுத விடலை. ரெய்டு1-க்கு ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு டிஸ்க்கில் இடம் வேணும், காலி ஒண்ணில்தான். பழைய ஃபோல்டர்களை வெளியே நகர்த்தின பிறகுதான், டேட்டாவை எல்லா டிஸ்க்கிலும் பரப்புற பாலன்ஸே ஓடினது. அதனால 85 சதவீதத்திலேயே டிஸ்க் சேருங்க, உடனே பாலன்ஸ் ஓட்டுங்க. ஐப்பசி மழையில் நடுவில் கரண்ட் போனா மறுபடி மவுண்ட் ஆனதும் பாலன்ஸ் தொடரும், பயப்படாதீங்க. யூபிஎஸ் இருந்தா நிம்மதி. அதன் ரெய்டு5, ரெய்டு6 பக்கம் போகாதீங்க, ரைட் ஹோல் பிரச்சினை (எழுதும்போது கரண்ட் போனா டேட்டாவும் பாரிட்டியும் பொருந்தாமப் போறது) இன்னும் இருக்கு. வாங்கும்போது எஸ்எம்ஆர் டிஸ்க்கான்னு (தடங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி எழுதுற வகை) கேளுங்க. விலை குறைவா இருக்கும், செத்த டிஸ்க்குக்குப் பதில் புதுசு போட்டு டேட்டாவை மீட்கிற ரீபில்டில் இழுத்தடிக்கும்.

குடந்தை லினக்ஸ்:
மன்னை தம்பி, அந்த ஸ்டுடியோவில் ராத்திரி ஆர்சிங்க் மூலமா காப்பி தனி 12 டிபி டிஸ்க்குக்குப் போகுது. அந்தக் காப்பி இருக்கிற தைரியத்தில்தான் எல்வியை நீட்டினது.