அக்காவுக்கு எப்படித் துணையாக இருப்பது?

கேள்வி:
அக்காவுக்கு அந்தப் பாலியல் கொடுமை நடந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் ராத்திரியில் எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறாள், பஸ்ஸில் யாராவது பின்னால் வந்து நின்றால் வியர்த்துக் கொட்டி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறாள். "நான் ஏன் அப்போ கத்தல?" என்று தன்னையே திட்டிக்கொள்கிறாள். கோயிலுக்குப் போனால் சரியாகும் என்கிறார் அம்மா. என்ன செய்யலாம்?

தேன்மொழி:
கத்தாதது அவர் தப்பே இல்லை, முதலில் இதைச் சொல்லுங்கள். பெரும் பயத்தில் உடம்பு உறைந்து குரல் எழாமல் போவது நிறைய பேருக்கு நடக்கிறது, அது சம்மதம் ஆகாது. நீங்கள் சொல்வது பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பு) மாதிரி தெரிகிறது, ஆனால் மனநல மருத்துவர் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இதற்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, பலருக்கு நல்ல பலன் தருகின்றன.

கடலோரம்:
அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பெண்கள் உதவிக்கு 181. போலீஸில் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்றில்லை. சாவைப் பற்றிப் பேசினால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

வாணி:
"மறந்துடு" என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம், ப்ளீஸ். கோயிலோ டாக்டரோ, அக்காவே முடிவு செய்யட்டும், நீங்கள் கூடப் போங்கள்.