ஒரு பொருளுக்குத் தேவை கூடினால் பொருளாதாரம் முழுவதும் எவ்வளவு அசையும்? உள்ளீடு-வெளியீட்டுக் கணக்கை நம்பலாமா?

எண்ணோலை:
ஒரு பொருளுக்குத் தேவை கூடினால், அதைச் செய்யும் ஆலையோடு விஷயம் முடிவதில்லை. உருக்கு செய்ய மின்சாரம் வேண்டும். மின் நிலையத்துக்கு மறுபடி உருக்கு வேண்டும். இந்தச் சங்கிலியைக் கடைசிவரை எண்ண, 1930களில் பொருளாதார அறிஞர் வசிலி லியோன்டிஃப் உருவாக்கிய உள்ளீடு-வெளியீட்டு அட்டவணையை (எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் அட்டவணை) விட நல்ல கருவி இல்லை என்பேன். 1973இல் அவருக்கு நோபல் கிடைத்ததும் இதற்காகத்தான்.

தராசு:
அட்டவணையோடு எனக்குச் சண்டையில்லை. அதிலிருந்து பிடுங்கி எடுக்கும் 'பெருக்கி'யோடுதான் சண்டை. சலுகை கேட்டு வரும் ஒவ்வொரு தொழிலும் "எங்களுக்கு ஒரு பங்கு செலவழித்தால் பொருளாதாரம் இரண்டு பங்கு வளரும்" என்கிறது. இதை எப்படி ஏற்பது?

வெண்பலகை:
ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடலாமே. இரண்டே துறைகள். 1 அலகு உருக்குக்கு 0.2 உருக்கு, 0.4 மின்சாரம், 1 அலகு மின்சாரத்துக்கு 0.1 உருக்கு, 0.2 மின்சாரம் (எல்லாம் பண மதிப்பில்). இறுதித் தேவை (மற்ற ஆலைகள் உள்ளீடாக வாங்குவது போக, கடைசியில் பயன்படுத்துபவர் கேட்பது) 60 உருக்கு என்றால், சங்கிலியின் எல்லாக் கட்டங்களையும் ஒரேயடியாகக் கூட்டித் தரும் நேர்மாறு அணியின் விடை உருக்கு 80, மின்சாரம் 40. மொத்த உற்பத்தி 120, அதாவது பெருக்கி 2.

இப்போது மதிப்புக் கூட்டலை, அதாவது துறை தானே சேர்க்கும் வருமானத்தை, பாருங்கள். உருக்கில் உள்ளீடு போக மிச்சம் 0.4, எனவே 32. மின்சாரத்தில் 0.7, எனவே 28. கூட்டினால் சரியாக 60. உள்ளீடாகப் போன உருக்கையும் மின்சாரத்தையும் இரண்டு முறை எண்ணியதால்தான் 120 வந்தது. வருமானம் இரட்டிப்பாகவில்லை.

எண்ணோலை:
சரி, ஆனால் இது அட்டவணையைத் தவறாக வாசிப்பவரின் குற்றம். இரண்டு எண்களும் அதே அட்டவணையில்தானே இருக்கின்றன? அந்த 40 மின்சாரத்தைப் பாருங்கள். ஆலை நேரடியாக 60க்கு வாங்குவது 24 மட்டுமே. மீதி 16 சங்கிலியின் பின்கட்டங்களில் ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளின் கார்பன் சுமையை (அதைச் செய்யும்போது சங்கிலி முழுவதும் வெளியாகும் கார்பனை) ஆலை ஆலையாகப் போய் எண்ணுகிறவர் எங்கோ ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டும்; நிறுத்திய இடத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் விடுபடும். மாசுபாட்டையும் இதே அட்டவணைக்குள் கொண்டுவரலாம் என்று லியோன்டிஃப் 1970லேயே காட்டிவிட்டார்.

தராசு:
நடந்ததைத் தடம் பிடிக்கிறீர்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். நடக்கப்போவதைச் சொல்ல வரும்போதுதான் உதைக்கிறது. ஆலை ஏற்கெனவே முழுத் திறனில் ஓடினால் அந்த 80 எங்கிருந்து வரும்? விலை ஏறும், இன்னொருவர் வாங்காமல் ஒதுங்குவார். அந்த இழப்புக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. 0.4 என்ற கெழுவும் (ஒரு அலகு உருக்குக்கு வேண்டிய மின்சார அளவு) கல்லில் செதுக்கியதுபோல மாறாமல் நிற்கிறது. மின்சாரம் விலை ஏறினால் எந்த ஆலை சும்மா இருக்கும்?

அப்புறம், துறைகளைச் சுருக்குவது. 1949இல் லியோன்டிஃபே 500 துறைகளை 42 ஆக்கித்தான் ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ஏற்ற முடிந்தது. இன்றும் உரமும் சாயமும் 'வேதிப்பொருள்' என்ற ஒரே வரிசையில் வரும் அட்டவணைகள் உண்டு. அதில் சாயத்தின் கார்பன் சுமை என்று நீங்கள் காட்டுவது இரண்டின் சராசரி.

எண்ணோலை:
அதற்குத்தான் கலப்பு முறை இருக்கிறது. முதல் கட்டத்துக்கு ஆலையின் சொந்தக் கணக்கு, தொலைவில் உள்ள கட்டங்களுக்கு மட்டும் அட்டவணை. திறன் பற்றிச் சொன்னது பெரிய மாற்றங்களுக்குப் பொருந்தும். திறன் மிச்சம் இருக்கும்போது வரும் சிறிய மாற்றத்துக்கு நிலையான கெழு போதும்.

தராசு:
சிறியதா பெரியதா என்று எந்த அறிக்கை சொல்கிறது? இறக்குமதியையாவது பிரித்துக் காட்டுகிறார்களா?

வெண்பலகை:
அதையும் போட்டேன். இரு துறைகளும் வாங்கும் மின்சாரத்தில் பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று வைத்தால், அதே 60 தேவைக்கு உள்நாட்டில் உருக்கு 77, மின்சாரம் 17. உள்ளே தங்கும் வருமானம் சுமார் 43. மீதி 17 வெளியே போகிறது. இறக்குமதியைப் பிரிக்காத அட்டவணை முழு 60ஐயும் உள்நாட்டுக் கணக்கிலேயே எழுதியிருக்கும்.